திரும்பியவர்கள்

இணையதளத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி நோட்டக்காரியின் காதுக்கு வந்து சேர்வதற்குள் நாலு வாய் மாறியிருந்தது. அவளுடைய நாத்தனார் ஒரு முடி திருத்தும் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ள வந்த ஒரு பெண்மணி நாத்தனாரிடம் சொன்னாள். அந்தப் பெண்மணிக்கு அவள் தங்கை சொன்னாள். தங்கைக்கு அவள் வீட்டுக்காரர் சொன்னார். அவர் நகர சபை அலுவலகத்தில் கோப்பு தூக்குகிறவர். யாரோ பேசிக்கொண்டதைக் கதவோரமாக நின்று கேட்டாராம்.

"அண்ணி, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் மூச்சு விட்றாதீங்க. உங்க வெப்சைட்டுக்கு வர்றவங்க நூத்துக்கு எண்பது பேரு வந்த வேகத்துல ஓடிப் போயிடறாங்களாம். இப்படி ஒரு வெப்சைட்டு எதுக்குன்னு மேலிடத்துல கேக்கறாங்களாம். வியாழக்கிழமை ஒரு அம்மா நேர்ல வந்து பாக்கப் போறாங்களாம். பாத்துட்டு இழுத்து மூடிடுவாங்களாம்."

நோட்டக்காரி அப்போது அலுவலகத்தின் பின்கட்டில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடியே எண்ணினாள். ஒரே மூச்சில் நாலு 'ளாம்'.

"நாலு கை மாறி வந்த பேச்சு. நம்பலாமா?"

"சாயம் காயற நேரத்துல சொன்னது அண்ணி. தலையில அந்த மருந்தை வெச்சுக்கிட்டு யாரும் கதை கட்ட மாட்டாங்க. எரியும்."

நாத்தனார் சிரித்தாள். நோட்டக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றதெல்லாம் வதந்தியாக இருக்கலாம், ஆனால் அந்த எண்பது வதந்தி இல்லை. சரியாகச் சொன்னால் எண்பத்தொன்று. அது அவள் கையால் மாதாமாதம் எழுதுகிற எண்.

டப்பாவின் மூடியை அவள் மூன்று தடவை கழுவினாள்.

*

அவள் வேலைக்கு நியமனக் கடிதத்தில் ஒரு நீளமான பெயர் உண்டு. இணைய வருகைப் பகுப்பாய்வாளர். யார் நாக்கும் அதற்கு வளையவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மாடியில் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்த அக்கா அந்தக் கடிதத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "அதாவது யாரு வர்றாங்க, யாரு போறாங்கன்னு நோட்டம் பாக்கற வேலை" என்றார். அன்றிலிருந்து நோட்டக்காரம்மா. அவள் இல்லாத இடத்தில் நோட்டக்காரி.

இந்த நாட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு நகர சபைப் பணத்தில் உதவுகிற சங்கம் அது. மருத்துவமனைப் படிவத்தை எப்படி நிரப்புவது, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க என்னென்ன காகிதம் வேண்டும், வாடகைக்கு விட்டவர் வீட்டைச் சூடாக்கும் குழாயைச் சரிசெய்ய மறுத்தால் யாரிடம் போவது என்று எல்லாவற்றையும் தமிழில் சொல்லும் பக்கங்கள் அதன் தளத்தில் இருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் எழுத்து அதிகம் கிடையாது. மேலே 'தமிழில் பேச' என்றிருக்கும், கீழே ஒரு ஃபோன் எண். கூப்பிட்டால் ஃபோன் அக்கா எடுப்பார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ தானே ஃபோன் போட்டு, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பேசிக் கொடுப்பார்.

நோட்டக்காரிக்கு இந்த எண்ணும் புத்தி கல்யாணத்துக்கு முன்பே வந்தது. பொது நூலகம் ஒன்றின் வாசலில் அவளுக்கு முதல் வேலை. கையில் அடக்கமாக ஒரு இரும்புக் கருவி. ஆள் உள்ளே வந்தால் கட்டைவிரலால் ஒரு அழுத்து, எண் ஒன்று கூடும். ஒரு மழை நாளில் கூட்டம் முந்நூற்றைத் தாண்டிவிட்டதென்று நூலகர் பூரித்துப் போனார். உள்ளே எட்டிப் பார்த்தால் நாற்காலிகளெல்லாம் காலி. கூரை ஒழுகி, பெருக்குகிற அம்மா வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்திருக்கிறார். இவளும் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். முந்நூறில் பாதி அந்த அம்மாவும் வாளியும்தான்.

அதிலிருந்து எந்த எண்ணைப் பார்த்தாலும் அவளுக்குப் பின்னால் ஒரு வாளி தெரியும். தூங்கப் போகும்முன் கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை தொட்டுப் பார்ப்பவள். அடுப்புக் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு, திருகியதில் திறந்துகொண்டிருக்குமோ என்று மறுபடி போய்ப் பார்ப்பவள். அப்படிப்பட்டவளிடம் நிம்மதியைக் கேட்டால் எங்கே போவாள்?

அதுவும் இந்த ஊரில். வீட்டில் மூன்று பேர். அவள், பஸ் ஓட்டும் கணவன், பரீட்சைக்குப் படிக்கும் மகள். மூன்று பேருக்கும் இங்கே இருக்க அனுமதி வந்தது அவள் வேலையின் பேரில். அதைப் புதுப்பிக்க இன்னும் பத்து வாரம் இருந்தது. புதுப்பிக்க, சங்கத்திலிருந்து 'இவர் எங்களிடம் வேலையில் இருக்கிறார்' என்று ஒரு கடிதம் வேண்டும். தளம் இல்லையென்றால் நோட்டம் பார்க்க எதுவும் இல்லை. நோட்டம் இல்லையென்றால் வேலை இல்லை. கடிதம் இல்லையென்றால்—

அதற்கு மேல் அவள் நினைப்பதில்லை. நினைக்காமல் இருக்கத்தான் மூடியை மூன்று தடவை கழுவியது.

*

கைகளைத் துடைத்துக்கொண்டு அவள் இடத்துக்கு வந்தபோது, செயலாளர் தன் அறையிலிருந்து கூப்பிட்டார். சங்கத்தைத் தொடங்கிய நாலு பேரில் ஒருவர். பேசினால் எப்போதும் மேடையில் நிற்கிற தோரணை.

"வாங்க நோட்டக்காரம்மா. வியாழக்கிழமை நகர சபையிலேர்ந்து ஒரு ஆய்வாளர் வர்றாங்க. நம்ம ஆளுதான். தமிழ் நல்லாப் பேசுவாங்க, படிக்க மட்டும் வராது. இங்கேயே பொறந்தவங்க. கவலையே படாதீங்க. நம்மகிட்ட பிரம்மாஸ்திரம் இருக்கு."

"என்ன சார்?"

"எண்பத்தொண்ணு!" என்று அவர் மேசையைத் தட்டினார். "நூத்துக்கு எண்பத்தொரு பேர் திரும்பித் திரும்பி வர்றாங்க. எந்தக் கடைக்காரனுக்கு இந்த யோகம் இருக்கு? ஆண்டு விழாவில சொன்னேன், கை தட்டினாங்க பாருங்க!"

"திரும்பி... வர்றாங்கன்னு யார் சொன்னது சார்?"

"நீங்கதான்."

அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவள் மாதாமாதம் கொடுக்கும் அறிக்கை. ஐந்து கட்டங்கள். நாலாவது கட்டத்தின் தலைப்பில் அவள் கையாலேயே தட்டெழுதிய ஒரே சொல். திரும்பியவர்கள். அதன் கீழே 81.

இரண்டு வருஷத்துக்கு முன் இந்தக் கட்டங்களைப் போட்ட சாயங்காலம் அவளுக்கு நினைவு வந்தது. ஒரு பக்கத்தைத் திறந்து, வேறெதையும் தொடாமல் அப்படியே கிளம்பிவிடுகிறவர்களின் எண்ணிக்கை அது. தமிழில் முதலில் 'வந்த வேகத்தில் திரும்பிப் போனவர்கள்' என்று எழுதினாள். கட்டத்தில் இடம் போதவில்லை, எழுத்து பக்கத்துக் கட்டத்தில் போய் ஏறியது. 'திரும்பிப் போனவர்கள்' என்று சுருக்கினாள். அப்போதும் இரண்டு வரியாக மடங்கி அசிங்கமாக நின்றது. அழகுக்காகப் 'போன'வை எடுத்தாள். 'திரும்பியவர்கள்' கச்சிதமாகப் பொருந்தியது.

போனவர்களைத்தான் எழுதினாள். வாசித்தவர் வந்தவர்களாக வாசித்திருக்கிறார். வாசலோடு திரும்பினாலும் திரும்பியவர்தான், வீட்டுக்குத் திரும்பினாலும் திரும்பியவர்தான். அந்தச் சொல் இரண்டு பக்கமும் தலையாட்டும். வருகிற ஆய்வாளருக்கோ தமிழ் படிக்கத் தெரியாது. அவர் இந்தத் தாளைப் பார்க்கவே இல்லை, தளத்தின் வருகையை எண்ணும் கணினிக் கருவி காட்டும் மூல எண்ணை நேராகப் பார்த்திருக்கிறார். அதனால்தான் ஊரில் அவருக்கு மட்டும் உண்மை தெரிந்திருக்கிறது.

"சார்," என்றாள். "அது திரும்பி வந்தவங்க இல்ல. திரும்பிப் போனவங்க."

செயலாளர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"அப்ப ஆண்டு விழாவில நான் சொன்னது?"

"தப்பு சார்."

"கை தட்டினாங்களே!"

"தெரியாமத் தட்டியிருப்பாங்க சார்."

"இந்தத் தலைப்பை யாரு வெச்சது?"

"நான்தான். கட்டத்துல இடம் இல்ல."

"இடம் இல்லன்னா கட்டத்தைப் பெருசாக்குவாங்களா, அர்த்தத்தைச் சின்னதாக்குவாங்களா?" அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, எதிர்க் கட்டடத்தின் சுவர்தான். "நூத்துக்கு எண்பது பேர் நம்ம மூஞ்சியைப் பாத்த உடனே ஓடிப் போறான். இதை எப்படிம்மா நான் அந்தம்மாகிட்ட நல்ல விஷயமாச் சொல்றது?"

"சார், ஓடிப் போறது எப்பவும் கெட்டது இல்ல." சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே பட்டது. "கடிகாரத்தைப் பாக்கறவங்க எத்தனை நேரம் பாப்பாங்க? மணி தெரிஞ்சதும் போயிடுவாங்க. நம்ம ஃபோன் நம்பர் பக்கமும் அப்படித்தான். நம்பரைப் பாத்துட்டு, மூடிட்டு, கூப்பிடப் போயிடுவாங்க. அவங்களும் இந்த எண்பத்தொண்ணுல வருவாங்க. படிவம் பத்திச் சொல்ற பக்கத்துல எத்தனை பேர் ஓடறாங்க, இந்தப் பக்கத்துல எத்தனை பேர் ஓடறாங்கன்னு தனித்தனியாப் பிரிச்சுப் பாக்கணும்."

செயலாளரின் முதுகு மெதுவாக நிமிர்ந்தது.

"பிரிங்க," என்றார். "வியாழக்கிழமைக்குள்ள பிரிங்க. உங்களுக்கும் கடிதம் வேணும், எனக்கும் மரியாதை வேணும்."

*

புதன்கிழமை காலையிலிருந்து அவள் பிரித்தாள். கணிப்பு தப்பவில்லை. படிவப் பக்கங்களுக்கு வந்தவர்கள் ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம் என்று இருந்து படித்தார்கள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனார்கள், படிவத்தை இறக்கிக்கொண்டார்கள். ஓடியவர்களில் பெரும்பங்கு ஃபோன் நம்பர் பக்கத்தில்தான். சராசரியாக இருபது நொடி. ஒரு எண்ணைப் பார்த்து, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, அழுத்துவதற்கு ஆகும் நேரம்.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குப் பிறகு முதல் தடவையாக முழு மூச்சு ஒன்று வந்தது.

அங்கேயே கம்ப்யூட்டரை மூடியிருக்கலாம். அடுப்புக் குமிழைத் திருகிப் பார்க்கிறவள் எப்படி மூடுவாள்? இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அந்த ஃபோன் பக்கத்தை மட்டும் வாரவாரியாக விரித்தாள்.

ஆறு வாரமாக வருகை இரண்டு மடங்காகியிருந்தது. அது அவளுக்கு முன்பே தெரியும். மாத அறிக்கையில் பெருமையாக எழுதியதுதான். ஆனால் இன்றைக்கு அவள் பக்கத்துக் கட்டத்தையும் பார்த்தாள். வருகை என்பது வேறு, வந்த ஆட்கள் என்பது வேறு. ஒரே ஆள் பத்துத் தடவை வந்தால் வருகை பத்து, ஆள் ஒன்று. ஆட்களின் எண்ணிக்கை ஏறவே இல்லை. அதே ஆட்கள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள்.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. செயலாளர் இரண்டு வருஷமாகத் தெரியாமல் சொன்ன பொய் இந்த ஆறு வாரத்தில் மெய்யாகியிருக்கிறது! திரும்பியவர்கள், இரண்டு அர்த்தத்திலும். நாளைக்கு இதையும் சேர்த்துச் சொன்னால் அவர் ஆண்டு விழாவில் வாங்கிய கைதட்டலைத் திருப்பித் தரவேண்டாம்.

பெயர், முகவரி எதையும் கருவி சொல்லாது. எந்த மாதிரி ஃபோன், எந்த ஊர்ப் பக்கம், எத்தனை மணி என்பது மட்டும் தெரியும். அவள் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டாள். பழைய ஃபோன், தொலைவில் ஒரு சின்ன ஊர். காலை ஒன்பது மணிக்கு வந்திருக்கிறார், இருபது நொடி. பத்தேமுக்காலுக்கு, பதினைந்து நொடி. பன்னிரண்டரைக்கு. இரண்டு மணிக்கு. மூன்றரைக்கு. நாலே ஐம்பதுக்கு. ஐந்து மணிக்கு மேல் வரவில்லை. மறுநாளும் அப்படியே. பதினொரு நாள், நாளுக்கு ஆறு தடவை.

பன்னிரண்டாம் நாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவே இல்லை.

நோட்டக்காரி அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாளி எங்கேயோ இருக்கிறது, கண்ணில்தான் படவில்லை.

*

புதன்கிழமைகளில் அவள் கணவன் ஓட்டும் பஸ் சரியாக ஐந்து இருபதுக்கு அலுவலகத் தெரு முனைக்கு வரும். அன்று வழி முழுதும் முன் கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தாள். 'ஓட்டுநரோடு பேசாதீர்கள்' என்ற பலகை அவள் மூக்குக்கு நேரே இருந்தது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு, மறுபடி கிளம்ப பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. அவன் குடுவையைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றினான்.

"சொல்லு. முகம் ஏன் இப்படிப் போச்சு? வரும்போதே பாத்தேன், கம்பியைப் பிடிச்சிருந்த கையில ரத்தமே இல்ல."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டம், தலைப்பு, எண்பத்தொன்று, கைதட்டல். கைதட்டல் வந்ததும் அவனுக்குப் புரை ஏறியது.

"உங்க சாரை நான் நேர்ல பாக்கணும். இந்த ஒரு விஷயத்துக்காகவே பாக்கணும்."

"சிரிக்காதீங்க. கடிதம் போச்சுன்னா நீங்களும் இந்த பஸ்ஸும் போச்சு."

"அதான் நீயே சமாளிச்சிட்டியே. ஓடறவங்க நம்பரை எடுத்துக்கிட்டு ஓடறாங்க. நல்லாத்தானே இருக்கு?"

"ஒரு ஆள் மட்டும் நெருடுது." பழைய ஃபோன்காரரைப் பற்றிச் சொன்னாள். "நாளுக்கு ஆறு தடவை வர்றாரு. அவ்வளவு பிடிச்சிருக்குன்னு எழுதலாமா?"

அவன் மூடியைக் கீழே வைத்துவிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த நிறுத்தத்தைக் காட்டினான். கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் கடை வாசலிலிருந்து இறங்கி வந்தார். சாலையின் கோடிவரை எட்டிப் பார்த்தார். கடைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார், எட்டிப் பார்த்தார்.

"அந்த ஆளைப் பாரு. நாம நிக்கிற நேரத்துல மூணு தடவை ஸ்டாப்புக்கு வந்துட்டாரு. நீ அந்த ஸ்டாப்புல உக்காந்து எண்ணினா என்னன்னு எழுதுவ? மூணு வருகை. ஆஹா, இந்த ஸ்டாப்பு மேல இவருக்கு என்ன பாசம்!" அவன் சிரிக்கவில்லை. "பஸ் வந்திருந்தா அவர் ஒரு தடவைதான்டி வந்திருப்பாரு. வந்து, ஏறி, போயிருப்பாரு."

அவள் அந்தப் பெரியவரையே பார்த்தாள்.

"நம்பரை எடுத்துக்கிட்டுப் போனவர் எதுக்கு மறுபடி நம்பரைப் பாக்க வரணும்?" என்றான் அவன். "தப்பா அழுத்திட்டோமோன்னு சந்தேகம் வந்தாத்தான் வருவாரு. கூப்பிட்டும் யாரும் எடுக்கலன்னாத்தான் சந்தேகம் வரும்."

"பன்னெண்டாம் நாள் வரலையே."

"வேற பஸ்ல போயிருப்பாரு." குடுவையை மூடினான். கொஞ்சம் பொறுத்து, "இல்ல, போக வேண்டிய காரியமே முடிஞ்சு போயிருக்கும்" என்றான்.

எந்தக் காரியம் என்று அவள் கேட்கவில்லை. அந்த எண்ணைக் கூப்பிடுகிறவர்கள் எதற்குக் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மருத்துவமனையில் நாள் குறிக்க. வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க.

*

வியாழக்கிழமை அவள் அரை மணி முன்னதாகவே போனாள். ஃபோன் அக்கா வாசல் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தார். மாடியில் கூரை ஒழுகியதால் ஆறு வாரத்துக்கு முன் அலுவலகம் முழுவதும் கீழே இறங்கி வந்திருந்தது. அக்காவுக்குக் கிடைத்த இடம் வாசல்.

"அக்கா, தமிழில் பேச நம்பர் இப்ப எங்க அடிக்குது?"

"எனக்கு வர்றதில்லம்மா. கீழ வந்ததும் சார் மேசைக்கு மாத்திட்டதாச் சொன்னாங்க. பத்து வருஷமா நானே எடுத்த ஃபோனு, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சரி போகட்டும்னு இருந்துட்டேன்." அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "ஏன், யாராவது குறை சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலக்கா." அதுதான் பிரச்சினை என்று அவள் சொல்லவில்லை. குறை சொல்லவும் அந்த எண்ணைத்தானே கூப்பிட வேண்டும்?

செயலாளர் நடைவழியில் புதுச் சட்டையோடு எதிரே வந்தார். அவள் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"என் மேசையா? அது வாசல் மேசைக்கில்ல மாத்தியாச்சு? மாத்தச் சொல்லி ஃபோன் கம்பெனி ஆள்கிட்டச் சொன்னேனே."

"மாத்தினாரா சார்?"

உள்ளே எதுவோ கணக்குப் போடுவது அவர் கண்ணில் தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மீட்டிங் முடியட்டும். முதல் வேலையா அதைப் பாப்போம். ஆறு வாரம் போச்சு, ஒரு மணி நேரம் போனா என்ன? இப்ப இதை வாயால சொல்லாதீங்க. நான் மிரட்டறேன்னு நினைக்காதீங்கம்மா, உங்க நல்லதுக்குத்தான். அந்தம்மா மூடுன்னு எழுதிட்டா நாளைக்கு எடுக்கறதுக்கு ஃபோனும் இருக்காது, எடுக்க ஆளும் இருக்காது."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

*

ஆய்வாளர் அம்மா அவள் பயந்த மாதிரி இல்லை. நனைந்த குடையை மூலையில் தானே சாய்த்து வைத்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஃபோன் அக்கா டம்ளரை எடுக்க வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"நேராவே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் ஆய்வாளர். "எண்பது பேர் வந்ததும் ஓடறாங்க. இது யாருக்கு உதவுது?"

நோட்டக்காரி சொன்னாள். படிவப் பக்கத்தில் தங்குகிறவர்கள், ஃபோன் பக்கத்தில் இருபது நொடியில் கிளம்புகிறவர்கள், கடிகாரம் பார்க்கிறவர்கள் என்று வரிசையாக எடுத்து வைத்தாள். ஆய்வாளர் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் நல்ல கேள்விகள். பிறகு தலையாட்டினார்.

"அப்ப இவங்க ஓடிப் போறவங்க இல்ல. காரியம் முடிஞ்சு போறவங்க. இதை எனக்கு யாருமே சொல்லலையே." பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். "மூடச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல போலிருக்கே."

செயலாளரின் நாற்காலி சந்தோஷத்தில் கிறீச்சிட்டது. நோட்டக்காரிக்கு மகளின் பரீட்சைத் தேதி நினைவு வந்தது. பஸ்ஸின் முன் கம்பி நினைவு வந்தது. கடிதம், கீழே கையெழுத்து, முத்திரை. கையை நீட்டினால் எட்டும் தூரம்.

"இன்னொண்ணு." ஆய்வாளர் தாளைப் புரட்டினார். "ஆறு வாரமா வருகை ரெண்டு மடங்கு ஆயிருக்கு. இதுவும் அந்தப் பக்கத்துலதான். நல்ல விஷயம். என்ன செஞ்சீங்க?"

"எல்லாம் உழைப்புங்க," என்றார் செயலாளர். "இவங்களைத்தான் கேக்கணும். இவங்கதான் எங்க கண்ணு." சொல்லிவிட்டு அந்தக் கண்ணை ஒரு பார்வை பார்த்தார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தாளைப் பார்த்தாள். நாலாவது கட்டம். நேற்றுச் சாயங்காலம் கட்டத்தை அகலமாக்கி முழுத் தலைப்பையும் எழுதியிருந்தாள். பக்கத்தில் புதிதாக இன்னொரு கட்டமும் போட்டிருந்தாள், 'மறுபடி மறுபடி வந்தவர்கள்' என்று. அதன் கீழே மட்டும் எதுவும் எழுதாமல் விட்டிருந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம்," என்றாள்.

தன் ஃபோனை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். தளத்தைத் திறந்து, அந்தப் பக்கத்துக்குப் போய், எண்ணைப் பார்த்தாள். இருபது நொடிகூட ஆகவில்லை. அழுத்தினாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியையும் அழுத்தினாள்.

"நோட்டக்காரம்மா," என்றார் செயலாளர்.

ஃபோனுக்குள் மணி போனது. ஒன்று.

இரண்டு. ஆய்வாளர் புரியாமல் சிரிக்கப் போய்ப் பாதியில் நிறுத்தினார். மூன்றாவது மணிக்கு ஃபோன் அக்கா தலையைத் தூக்கினார். கூரையைப் பார்த்தார்.

"ஐயையோ," என்றார் மெதுவாக. "மேல அடிக்குது."

அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. தலைக்கு மேலே, பூட்டிப் போட்ட மாடியில், ஈரக் கூரைக்கும் அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கும் நடுவில் எங்கோ ஒரு ஃபோன் அடித்தது. மேசைமேல் இருந்த ஃபோன் ஒரு மணி, கொஞ்சம் பின்தங்கி மேலே ஒரு மணி.

"என்னோட ஃபோனு அது," என்றார் அக்கா. "அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? சாவி யார்கிட்ட இருக்கு?"

செயலாளர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ஆய்வாளரின் பேனா எழுதிய வரியின் மேலேயே நின்றது, அடிக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

நோட்டக்காரி எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு. சிவப்புப் பொத்தான் விரலுக்குக் கீழேயே இருந்தது. எட்டு. பதினொரு நாள், நாளுக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி அடிக்கும்வரை பொறுத்திருப்பார் அந்தப் பழைய ஃபோன்காரர்? ஒன்பது. விரலை எடுத்துக்கொண்டாள்.

மேலே அது அடித்துக்கொண்டிருந்தது.